உப்புப் பார்த்தவள்

தங்கையை இடப்பக்கமாகப் புரட்டி, நனைந்த விரிப்பை அவளுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள் அக்கா. அப்போது முன்பக்கக் கடையிலிருந்து சலவைக்காரம்மாவின் குரல் வந்தது.

“ஏ ஆந்தை! என்னடி ரொட்டி இது? வாயில வெச்சா பஞ்சு மாதிரி இருக்கு. உலகத்துல உப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சா உனக்கு?”

அக்காவின் கை அப்படியே நின்றது.

உப்பு. நேற்று மாவில் போட்டாளா? பிசைந்தது நினைவிருக்கிறது. நடுநடுவே மாவுக் கையோடு ஓடிவந்து தங்கையின் மூச்சைப் பார்த்தது நினைவிருக்கிறது. உப்பு மட்டும் நினைவில்லை. ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு. அவள் நாக்குக்கு உப்பும் ஒன்று, உமியும் ஒன்று. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

“கத்தாதீங்க. அம்மா தூங்கறாங்க,” என்றாள் கதவைப் பார்த்து.

அம்மா என்றது தெருவுக்காக. கட்டிலில் கிடந்தவள் அவளைவிட ஏழு வயது இளையவள்.

முதலில் குடியிருந்த தெருவில் அவர்கள் அக்கா தங்கையாகத்தான் இருந்தார்கள். அக்கா இருபத்து மூன்றிலேயே நின்றுவிட, தங்கை மட்டும் முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கியபோது பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. வேறு ஊருக்குப் போனார்கள். அங்கே அக்கா தங்கையானாள், தங்கை அக்காவானாள். அதுவும் பழசாகிப்போனதும் இந்தத் தெரு. இங்கே தாயும் மகளும். “அடுத்த ஊருக்குப் போனா நீ எனக்குப் பேத்தி,” என்று தங்கை சிரிப்பாள். “அதுக்கப்புறம் உறவு தீந்துடும்க்கா. நான் எந்த முறைக்குப் போவேன்?”

அக்கா ஒரு ரத்தக் காட்டேரி. வீட்டில் யாரும் அதை அப்படி முழுசாகச் சொல்வதில்லை. ‘உன் உடம்புக்கு’ என்பாள் தங்கை. வெயில் உன் உடம்புக்கு ஆகாது. கசாப்புக் கடையிலிருந்து மூடிய தூக்கில் வருவது உன் உடம்புக்கு. கோபம் வந்தால் மட்டும் காட்டேரி. கொஞ்சல் மிஞ்சினாலும் காட்டேரி.

இரண்டு பேரும் ஒரு நாளை நடுவில் மடித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அக்கா எழுந்து மாவு பிசைவாள், அடுப்பு மூட்டுவாள், விடியுமுன் சுட்டு அடுக்கிவிடுவாள். விடிந்ததும் தங்கை கடை திறப்பாள். இரவு தங்கை தூங்கப்போகும் முன் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். “இன்னும் ஒரு சிட்டிகை,” என்பாள். அல்லது “போதும்க்கா.” அளந்து போட்டால் ஆகாதா என்று அக்கா ஆரம்பத்தில் முயன்று பார்த்ததுண்டு. கல்லுப்பு ஈரக்காற்றைக் குடிக்கும். மழை நாளில் ஒரு எடை, பனி நாளில் ஒரு எடை. தராசு சொன்னதை நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

நேற்று தங்கை எழுந்திருக்கவேயில்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். திரும்ப வருவதாக அவர் சொல்லவில்லை. இன்று விடியுமுன் அக்காவே கடைக் கதவைத் திறந்து, ரொட்டியை அடுக்கிவைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

சலவைக்காரம்மா கடையைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள். கையில் கடித்த ரொட்டி. அறை இருட்டாயிருந்தது. ஜன்னல் பலகையில் ஒரு விரிசல். அதன் வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி, கட்டிலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது.

“என்ன இருட்டு இது? ஜன்னலத் திறந்து விடவா?”

“வேணாம். கண்ணு கூசுதுங்கறாங்க.”

சலவைக்காரம்மா குனிந்து கட்டிலைப் பார்த்தாள். பிறகு ரொட்டியை மடியில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அதான் பாத்தேன்,” என்றாள், குரலை இறக்கி. “தெரு பூரா இதே பேச்சு. தகரவேலைக்காரரு ஒரு கடி கடிச்சாரு, கீழ வெச்சாரு. ‘அந்தம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு’ன்னாரு. இத்தன வருஷத்துல ஒரு நாள் கூடினதில்ல, ஒரு நாள் கொறஞ்சதில்ல. ரொட்டியே வந்து சேதி சொன்ன மாதிரி ஆயிடுச்சு, போ.” கொஞ்சம் நிறுத்தி, “ரொம்ப முடியலையா?” என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, தெரியாது என்றா என்று அவளுக்கே புரியவில்லை.

“சரி. வெந்நீர் நான் வெக்கறேன். நீ பக்கத்துலயே இரு.”

பக்கத்தில் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வெயில் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. தினமும் விடியுமுன் தங்கை வெளியே போய் அந்த விரிசலில் துணி திணித்துவிடுவாள். இன்று அடுப்புக்கும் கட்டிலுக்கும் ஓடியதில் அக்கா அதை மறந்துவிட்டாள். உள்ளேயிருந்து அடைக்கப் போனால் விரல் வெந்துவிடும். கோடு கட்டிலின் கால்மாட்டில் இருந்தபோது அக்கா தலைமாட்டில் நின்றாள். அது இடுப்புக்கு வந்தபோது நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள். தங்கையின் மார்புக்குக் குறுக்கே அது கிடந்த நேரத்தில், போர்வைமேல் கிடந்த அந்தக் கையைத் தொடக்கூட முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கயிற்றில் கட்டிப்போட்ட பூனை மாதிரி அறையின் நிழல் பாதிக்குள்ளேயே சுற்றி வந்தாள்.

செய்ய ஒரு காரியம் இருந்தது. அவளால் மட்டுமே முடிகிற காரியம். மூச்சு இருக்கும்போதே செய்ய வேண்டும். நின்றபிறகு பயனில்லை. கழுத்தில் ஒரு கடி, பிறகு தன் மணிக்கட்டிலிருந்து இரண்டு வாய். தங்கை எழுந்துவிடுவாள். இதே வயதில், இதே நரைத்த தலையோடு. ஆனால் எழுந்துவிடுவாள். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் சோம்பல் முறித்துக்கொண்டு, “என்னக்கா, அடுப்பு மூட்டலையா?” என்பாள்.

தங்கையைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. ஏனென்றால் அன்று அக்காவை யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு இருபத்து மூன்று நடந்த வருஷம் வந்த காய்ச்சலில் ஒரே வாரத்தில் அப்பாவும் அம்மாவும் போனார்கள். மூன்றாவதாக அக்கா படுத்தாள். தெருவில் கதவுகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. நடமாடியது விளக்குக்காரன் ஒருவன்தான். அந்தி நேரத்தில் நீண்ட கழியோடு வந்து தெருவிளக்குகளை ஏற்றிக்கொண்டு போவான். அவர்கள் வீட்டுக்கு எதிர்விளக்கின் கண்ணாடியை மட்டும் இரண்டு குளிர்காலமாக அவன் தேய்த்துக்கொண்டே நிற்பான். அத்தனை தேய்ப்புக்கு அந்தக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்க வேண்டும். அக்கா ஜன்னலோரம் நின்று ஏதாவது தைத்துக்கொண்டிருப்பாள். “நீங்க பகல்ல என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். “தூங்குவேன்,” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

அவளுக்கு நினைவு தப்பிய அன்று, பதினாறு வயதுத் தங்கை தெருவுக்கு ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க, உள்ள வாங்க, எப்படியாவது காப்பாத்துங்க.” உள்ளே வந்தவன் அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினான். குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது; அக்காவின் கழுத்தில் அவன் பல் பதிந்திருந்தது. அக்கா கண் விழித்து முதலில் கேட்டது, “என்னக் கேட்டீங்களா?” அதோடு அவனை ‘நீங்க’ என்பதை விட்டாள். வாசற்படி தாண்டவும் விட்டதில்லை. அவர்கள் ஊர் மாறும்போதெல்லாம் அவனும் மாறினான். எந்த ஊருக்குப் போனாலும் சில நாளில் எதிர்விளக்கை ஏற்ற அவன்தான் வருவான். தங்கை கடை வாசலில் நின்று, “அத்தான் வந்தாச்சு, மணி பாத்துக்கோங்க,” என்று உள்ளே குரல் கொடுப்பாள். அக்கா மாவை ஓங்கி அடிப்பாள்.

மதியத்துக்குமேல் தங்கை கண் திறந்தாள். பார்வை தெளிவாக இருந்தது.

“ரொட்டி கருகிடுச்சா?”

“இல்ல. உப்பு போடல.”

தங்கை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் பிடித்தது. “நல்லாருக்கு. ஒரு நாள் படுத்தேன், மானத்த வாங்கிட்ட.”

“பேசாத. மூச்சு வாங்குது.”

“பேசாம இருக்கத்தான் இனிமே நிறைய நாள் கெடக்கே.”

அக்கா சுவருக்கும் அலமாரிக்கும் நடந்தாள். துவைத்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

“அறைய அளந்தது போதும்க்கா. நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.”

உட்கார்ந்தாள்.

“கேக்கணும்னு இருக்க. கேக்காமலே சுத்தற. கேளேன்.”

“என்னத்தக் கேக்க?”

“ஊருக்கெல்லாம் பொய் சொல்லிப் பழகின. எங்கிட்ட மட்டும் இன்னும் வரல உனக்கு.”

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். “நீயும் என்ன மாதிரி…” என்று ஆரம்பித்தாள். மேலே வரவில்லை.

தங்கை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நானும் உன்ன மாதிரி ஆயிட்டா, அப்புறம் ரெண்டு பேருக்கும் யாருக்கா உப்பு பாக்கறது?”

“விளையாடாத. ஆமான்னு சொல்லு. இல்ல வேணாம்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு.”

“நீ சந்தோஷமா இருந்தியா?”

அக்கா நிமிர்ந்தாள். “நான் இருந்தேன்னு சொன்னா ஒரு பதில் சொல்லுவ. இல்லன்னு சொன்னா ஒரு பதில் சொல்லுவ.”

“ஆமா. அதான் கேக்கறேன்.”

அவள் யோசித்தாள். நேர்மையாக யோசித்தாள். அடுப்பின் கதகதப்பு, விடிகாலையில் தங்கை கொட்டாவியோடு இறங்கி வருவது, பசி, கசாப்புக் கடைத் தூக்கின் வாடை, ஊர் ஊராக மூட்டை கட்டியது, ஒரு பஞ்ச வருஷத்தில் தங்கை தன் மணிக்கட்டை நீட்டி “கொஞ்சமா எடுத்துக்கோ, நாளைக்கு மாவு தூக்கணும்” என்றது. எதைக் கூட்டி எதைக் கழிப்பது? அவள் பதிலைச் சேர்த்து முடிப்பதற்குள் தங்கை தூங்கிவிட்டாள்.

“ஏய்,” என்றாள். தோளைத் தொட்டாள். “எழுந்திரு. சொல்றேன். கேட்டியே, சொல்றேன் எழுந்திரு.”

மூச்சு மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது.

திடீரென்று அறை முழுசாக இருண்டது. வெயில் கோடு போய்விட்டிருந்தது. வெளியே யாரோ விரிசலில் துணியைத் திணிக்கும் சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து சலவைக்காரம்மா மறுபடி வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள்.

“ஜன்னல்ல காத்து வருது. அதான் ஒரு துணியச் சொருகினேன்,” என்றாள் யாரையும் பார்க்காமல்.

காற்றே இல்லாத நாள் அது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். கட்டிலை ஒட்டி மண்டியிட்டு, அவ்வளவு நேரமும் தொட முடியாத அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தி சாய்ந்தது. சலவைக்காரம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். எதிர்விளக்கு எரியவில்லை. கொல்லைப்பக்கக் கதவில் கழி தட்டும் சத்தம் கேட்டது.

அவன் படிக்கு வெளியே நின்றிருந்தான். அன்றைக்கிருந்த அதே முகம். கையில் கழி, நுனியில் இன்னும் ஏற்றாத திரி.

“கசாப்புக்காரர் சொன்னாரு,” என்றான். “நாலு நாளா நீ தூக்குச் சட்டிய அனுப்பலையாம்.”

“எனக்குப் பசியில்ல.”

“பொய்.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. இரண்டு பேருக்கும் கேட்டது.

“நேரமில்ல,” என்றான். “உனக்கே தெரியும். நின்னுட்டா முடிஞ்சுது.”

“அவ ஒண்ணும் சொல்லல.”

“நீயும்தான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அவன் கழியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “நான் வேணா…” என்று தொடங்கினான்.

“படி தாண்டின, அடுப்புக் கரண்டியாலேயே அடிப்பேன்.”

கதவைச் சாத்தினாள். அறைக்குத் திரும்பி வந்தாள். நடந்தாள். நான்கு எட்டு, சுவர், நான்கு எட்டு, அலமாரி. வேணாம் என்று சொல்லவில்லையே. உப்பு யார் பார்ப்பது என்றுதானே கேட்டாள். அது மறுப்பா? மறுப்பதாயிருந்தால் நேரே மறுத்திருப்பாள், அவளுக்கு என்ன வாயா இல்லை? சந்தோஷமா இருந்தியா என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருந்தாள். ஆமாம் என்று நான் உடனே சொல்லியிருந்தால் சரி என்றிருப்பாள். நான்தான் தாமதித்தேன். என் தாமதத்துக்கு அவள் சாவதா?

மூச்சு இழுத்து, நின்றது. நெடுநேரம் நின்றது. அக்காவும் நின்றாள். மறுபடி இழுத்தது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. கட்டிலில் ஏறி, தங்கையின் தலைக்கு அடியில் கை கொடுத்து, கழுத்தை மறைத்த போர்வையை விலக்கினாள். தோல் மாவுப் பை மாதிரித் தொளதொளத்துக் கிடந்தது. அதற்கடியில் நாடி, தூரத்தில் யாரோ நடந்து போவது போலத் துடித்தது. நான்கு நாள் பசி அவள் வாயில் ஊறியது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இது தங்கைக்காகவா, பசிக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. குனிந்தாள். பல் தோலைத் தொட்டது.

தங்கையின் கை எழும்பி வந்தது. தள்ளவில்லை. மெதுவாக வந்து அக்காவின் முகத்தருகே தடவி, நெற்றியில் விழுந்து கிடந்த முடியைப் புறங்கையால் காதுக்குப் பின்னே ஒதுக்கியது. விரல்களைப் பயன்படுத்தவில்லை. மாவு ஒட்டிய கையால் முடி ஒதுக்குகிறவர்கள் அப்படித்தான் ஒதுக்குவார்கள்.

“முடி விழுதுக்கா,” என்றாள், கண் திறக்காமல். “மாவுல விழும்.”

அக்கா அப்படியே இருந்தாள். பிறகு பல்லை எடுத்துவிட்டு நெற்றியை அந்தக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

“கட்டிக்கறேன்,” என்றாள். “இரு, முடியக் கட்டிக்கறேன்.”

எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முடியை அள்ளி, முறுக்கி, பின்னால் இறுக்கமாக முடிந்துகொண்டாள். அதைப் பார்க்க வேண்டியவள் கண்ணைத் திறக்கவில்லை. அக்கா அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க முதல்முறையாக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மூச்சு வந்தது. அதற்கடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. அதற்கடுத்தது வரவில்லை.

சலவைக்காரம்மா திரும்பி வந்தபோது கட்டிலருகே விளக்குகூட ஏற்றாமல் அக்கா உட்கார்ந்திருந்தாள். வந்தவள் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். இரண்டு பேருமாக உடம்பைக் கழுவினார்கள். இடது மணிக்கட்டைத் துடைக்கும்போது சலவைக்காரம்மாவின் துணி நின்றது. அங்கே அடுப்புச் சூட்டின் பழைய வடுக்களுக்கு நடுவே, சின்னதாக, பக்கம் பக்கமாக இரண்டு புள்ளிகள். அந்த வீட்டுத் துணிகளைப் பல வருஷமாக அவள்தான் துவைக்கிறாள். எந்த வீட்டில் எந்தக் கறை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அந்தக் கையைத் துடைத்து முடித்து, சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

“அடுப்புக்காரி கை,” என்றாள். “வேற எப்படி இருக்கும்?”

“நாளைக்கு எப்ப எடுக்கலாம்?” என்று கேட்டாள் பிறகு.

“சாயங்காலம்,” என்றாள் அக்கா. “பொழுது சாஞ்சப்புறம்.” காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தாள். சலவைக்காரம்மா காரணம் கேட்கவில்லை.

கேட்டது குழிவெட்டுபவர்தான். மறுநாள் அவர் கடை வாசலுக்கே வந்துவிட்டார். கதவிடுக்கு வழியாக உள்ளேயிருந்து அக்காவுக்கு எல்லாம் கேட்டது.

“காலையிலயே முடிச்சுடலாமேம்மா. இருட்டுல என்னால ஆகாது. குழி தெரியாம நானே உள்ள விழுந்துட்டா?”

“விழுந்தா மூடிட்டு வந்துடறோம். ஒரே செலவு,” என்றது சலவைக்காரம்மாவின் குரல்.

“கிண்டலா? எந்த ஊருல இப்படி அந்தியில எடுக்கறாங்க?”

“இந்தாங்க, அந்தம்மா இத்தன வருஷமா உங்களுக்கெல்லாம் முன்னாடி எழுந்து கடை தொறந்தாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாயங்காலம் வரைக்கும் படுத்துக் கெடக்கட்டுமே. உங்க அப்பன் வீட்டு வெளிச்சமா போகுது?”

குழிவெட்டுபவர் முனகிக்கொண்டே போனார். பகல் முழுக்க உள்ளறையில் அக்கா சவப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூடியின் விளிம்பைத் தடவினாள். விரல் ஒரு சிராயில் மாட்டியது. அதைப் பிய்த்து எடுத்துவிட்டு மறுபடி தடவிப் பார்த்தாள்.

வெயில் இறங்கியதும் எடுத்தார்கள். தலைமாட்டுப் பக்கம் ஒரு தோளுக்கு ஆள் குறைந்தது. விளக்குக்காரன் கழியைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தோள் கொடுத்தான். தெருக்காரர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. தினமும் ரொட்டி வாங்காவிட்டாலும் தினமும் கடையைப் பார்த்தவன்தானே.

குழி மேட்டில், ஒரு பழைய மதிலோரம் இருந்தது. பெட்டி இறங்கியது. மண் விழுந்தது. முதலில் பலகைமேல் சத்தமாக, பிறகு மண்மேல் மண்ணாக, சத்தமில்லாமல். ஒவ்வொருவராக விலகிக் கீழே வாசலருகே போய் நின்றார்கள். குழிவெட்டுபவர் வேர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோது விளக்குக்காரன் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். அக்கா பக்கத்தில் நின்றாள்.

“அன்னிக்கு,” என்றாள். “என் பக்கத்துல எவ்வளவு நேரம் யோசிச்ச?”

அவன் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தான். “அவ தண்ணி மொண்டு வர்ற நேரம்தான் இருந்துச்சு.”

“எனக்கு ஒரு பகல் பூரா இருந்துச்சு.”

மண்வெட்டி நின்றது. பிறகு அவன் மறுபடி குனிந்தான். அவள் சிறிது நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத முடிச்சுட்டு வா,” என்றாள். “கொல்லைப்பக்கம் திறந்துதான் இருக்கும்.”

திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

வாசலில் எல்லோரும் நகராமல் நின்றிருந்தார்கள். கீழே தெரு முழு இருட்டாகக் கிடந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. ஏற்ற வேண்டியவன் மேலே மண் தள்ளிக்கொண்டிருந்தான். நிலவும் இல்லை. இறக்கமான கல்பாதை, முந்தாநாள் பெய்த மழையில் இடையிடையே தண்ணீர் தேங்கியிருந்தது.

“எவனாவது ஒரு லாந்தர் கொண்டாந்தானா?” என்றார் தகரவேலைக்காரர். “கால வெச்சா எங்க போகும்னே தெரியல.”

அக்காவுக்கு ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கல்லின்மேல் ஊர்ந்த அட்டைகூடத் தெரிந்தது. அவள் முன்னால் போய் நின்றாள்.

“என் பின்னாடி வாங்க. ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்குங்க.”

சலவைக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சலவைச் சோடா அரித்த, சொரசொரப்பான, சூடான கை. அது அவளுடைய குளிர்ந்த கையைப் பிடித்தது, ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவள் பின்னால் தகரவேலைக்காரர், அவர் பின்னால் குழிவெட்டுபவர், அவருக்குப் பின்னால் தெரு.

“இங்க ஒரு படி,” என்றாள் அக்கா. பின்னால் ஒருவர் மாற்றி ஒருவர், படி, படி என்று சொல்லிக்கொண்டே போனது கேட்டது. “இடது பக்கம் தண்ணி. ஒதுங்கி வாங்க.”

“அதுக்கப்புறம்?” என்று யாரோ வரிசையின் கடைசியிலிருந்து கேட்டார்கள்.

“அதுக்கப்புறம் கல்லு. பாத்து.”

அவள் கால்கள் பழக்கத்தில் வேகமாகப் போயின. பின்னால் பிடித்திருந்த கை இழுபட்டது. சலவைக்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“ஆந்தை,” என்றாள். “எல்லாரும் உன்ன மாதிரியா? மெதுவா போடி.”

அக்கா நின்றாள். பின்னாலிருக்கும் அத்தனை காலடிகளும் வந்து சேரும்வரை நின்றாள். பிறகு ஒவ்வொரு அடியாக, அவர்கள் நடக்கிற வேகத்துக்கு, நடக்கத் தொடங்கினாள்.